எருக்கம்பஞ்சும் ஈரப்பாவும்

குழந்தைகளை வெளியே அழைத்துப் போய் என்னென்ன விளையாட்டுக் காட்டலாம் என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தீர்கள். பாலர் பள்ளி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நானும் கேட்டவள்தான். பட்டியல் இதோ. எறும்பு வரிசையின் பின்னாலேயே நடந்து அது எங்கே போகிறது என்று பார்க்கலாம். காலையில் ஒரு தரமும் உச்சிவேளையில் ஒரு தரமும் அவரவர் நிழலுக்குக் கோடு போடலாம். புளியங்கொட்டை, வேப்பமுத்து, புங்கங்காய் பொறுக்கி வகை பிரிக்கலாம். ஈர மண்ணில் பாதம் பதிக்கலாம். ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கலாம், ஆட்டுக்காரர் சம்மதித்தால்.

பட்டியல் முடிந்தது. மூன்று நான்கு வயதுக்கு இதற்கு மேல் வேண்டாம். மீதியைக் குழந்தைகளே கண்டுபிடித்து வந்து சொல்லும். அப்படிச் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பாதகமில்லை, இப்போது நானே சிரிக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் என்னை வேலைக்குப் போட்ட ஊர், ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் சாலையில் இறங்கி ஒரு மைல் உள்ளே நடக்க வேண்டிய நெசவாளர் ஊர். நான் சேலம் டவுனில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த கிறிஸ்தவ வீட்டுப் பெண். பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை. இரண்டு வெள்ளைச் சேலையும் ஒரு ஜெபமாலையும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பும்தான் என் பெட்டியில் இருந்தன. அந்த நினைப்புத்தான் பெட்டியில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் என்று தந்தது நூல் மூட்டை அடுக்கும் அறை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் என் தலைக்கு மேலே. இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் நாள் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருவன் அழுதான். கால் மணி நேரத்தில் அறையே ஒப்பாரி வீடு மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாட்டையெல்லாம் பாடிப் பார்த்தேன். என் குரல் அப்படி ஒன்றும் மோசமில்லை, இருந்தும் அழுகை கூடியது. கடைசியில் கதவைத் திறந்து வெளியே அழைத்துப் போனேன். வேப்பமரத்தடியில் எறும்புப் புற்று ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் குந்தினார்கள், அழுகை நின்றது. அன்றிலிருந்து காலை நேரம் முழுக்க எங்களுக்கு வெளியேதான்.

இதில் பெற்றவர்களுக்குச் சந்தோஷமா என்றால், இல்லை. அம்மாக்கள் ராட்டையில் நூல் சுற்ற வேண்டும், அப்பாக்கள் தறியில் உட்கார வேண்டும். பிள்ளை காலைச் சுற்றாமல் இருந்தால் போதும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊருக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் வழியில் என்னை நிறுத்தி, "ஏனுங்க டீச்சரம்மா, எறும்பு பாக்கறதுக்கு எதுக்குங்க பள்ளிக்கோடம்? எங்கூட்டுச் சக்கரை டப்பாவுலயே இருக்குதுங்களே" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருந்த காலம்.

அந்த ஊரில் பாவடி என்று ஒரு திறந்த வெளி உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் நீள நூல்களையெல்லாம் அங்கே தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். அப்படி இழுத்துக் கட்டிய நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு வீட்டுப் பாவு என்றால் பத்து வீட்டு ஆண்கள் கைகொடுக்க வருவார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர் போவார். விடியற்காலையில் தொடங்கி, புருசு என்கிற பெரிய தூரிகையால் மேலும் கீழும் நீவி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காயவைத்துச் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள். காய்வதற்குள் தூசோ பஞ்சோ ஒட்டினால் தொலைந்தது. ஒட்டிய இடம் கட்டியாகிவிடும், தறியில் அந்த இடத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு பாவு என்பது ஒரு வீட்டின் ஒரு மாதத்துச் சோறு. நாங்கள் வெளியே வருகிற நேரத்தில் பாவடி எப்போதும் காலியாகக் கிடக்கும். அதனால் அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

மாசி மாதம். ஓடைக்கரை முழுக்க எருக்கங்காய்கள் காய்ந்து வெடித்து நின்றன. உள்ளே பளபளவென்று பட்டு மாதிரிப் பஞ்சு, ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு விதை. அது காற்றில் மிதந்து வந்தால் பிள்ளைகள் அதைத் தாத்தாப் பூச்சி என்பார்கள், வெள்ளைத் தாடி இருப்பதால். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று ஆயா பொன்னம்மா எச்சரித்திருந்தாள். அதனால் பச்சைக்காய் பக்கம் யாரையும் விடாமல், நன்றாகக் காய்ந்ததை நானே பறித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அதுவரை என் எச்சரிக்கையில் ஒரு குறையும் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொன்னம்மா பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்ச உள்ளே போய்விட்டாள். ஓடைக்கரை மேட்டில் நானும் பிள்ளைகளும் மட்டும்.

"எல்லாரும் ஊதத் தயாரா?" என்றேன்.

நல்லம்மா என்று ஒரு நாலு வயதுப் பெண். ஆறுமுகம் என்ற நெசவாளரின் மகள். அதிகம் பேசமாட்டாள். அன்று என் சேலை நுனியைப் பிடித்து இழுத்து, "காத்து பாவடிக்குப் போவுதுங்க, டீச்சர்" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காற்றின் திசையைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே ஒரு குழந்தை தானாகக் கண்டு சொல்கிறது! "பாத்தீங்களா, நல்லம்மா எவ்வளவு அழகாச் சொல்றா! எல்லாரும் நல்லம்மாவுக்குக் கை தட்டுங்க!" என்றேன். எல்லோரும் தட்டினார்கள். நல்லம்மா தட்டவில்லை. மறுபடியும், "பாவடிக்குப் போவுதுங்க" என்றாள். "ஆமாம் கண்ணு, சரியாச் சொன்னே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஊதுங்க!" என்றேன்.

அந்தக் காட்சியின் அழகை மட்டும் இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது. நூற்றுக்கணக்கான தாத்தாக்கள் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. பிள்ளைகள் குதித்தார்கள், கத்தினார்கள், நானும் சேர்ந்து குதித்தேன். மலைப் பக்கத்திலிருந்து வந்த காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு புளியமரங்களைத் தாண்டிப் போயிற்று.

புளியமரங்களுக்கு அப்பால் ஒரு கூக்குரல் எழுந்தது. மேட்டின் விளிம்புக்கு ஓடிப் பார்த்தேன். பாவடியில் ஒரு பாவு நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு விடியலில் நூல் அறுந்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதில் நேரமாகி, அப்போதுதான் கஞ்சி தோய்த்து முடித்திருக்கிறார்கள். சொட்டச் சொட்ட ஈரம். அதன் மேல் என் தாத்தாக்கள் போய் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாவுக்குச் சொந்தக்காரர் தலையில் கை வைத்து நின்றார். ஆறுமுகம். நல்லம்மாவின் அப்பா.

இங்கேதான் நான் இரண்டாவது தப்புச் செய்தேன். மாதாவே என்று கூவிக்கொண்டு திரும்பி, "போடுங்க! எல்லாத்தையும் கீழே போடுங்க!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். அதுவரை பாதிப் பேர்தான் ஊதி முடித்திருந்தார்கள். மீதிப் பேர் கையில் காய் நிறையப் பஞ்சு. டீச்சர் கத்துகிறாள் என்றதும் அவர்கள் பயந்து காயை வீசி எறிந்தார்கள், அதுவும் மேல்நோக்கி. இன்னொரு படை கிளம்பியது. அது போதாதென்று ஐந்தாறு பேர் பறக்கிற பஞ்சைப் பிடிக்கப் பாவடியை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். அந்தக் கால்கள் ஈரப் பாவுக்குள் புகுந்தால் பஞ்சு ஒட்டியதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, பாவே அறுந்து மண்ணில் விழும். பள்ளிக்கூடமும் அதோடு சேர்ந்து விழும்.

நான் ஓடித் துரத்தியிருந்தால் அவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடியிருப்பார்கள். ஓடாமல் இருந்தது என் புத்திசாலித்தனம் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் என் கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின, நிற்க முடியாமல் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் என்னைச் சுற்றி இருந்தவர்களும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்! அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பக்கத்தில் இருந்தவன் கையில் பாதி வெடித்த காய் ஒன்று இருந்தது. அதை என் இரண்டு கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, காதோடு காதாகப் பேசுகிற குரலில், "உஸ்... தாத்தாவுக்குத் தூக்கம் வருது" என்றேன். அவனும் மூடினான். அவன் அடுத்தவளிடம் அதே மாதிரி மெதுவாகச் சொன்னான். கத்தினால் ஓடுகிற குழந்தை கிசுகிசுத்தால் திரும்பி வரும். நமக்குத் தெரியாமல் இங்கே என்னவோ நடக்கிறது என்று அதற்குப் பொறுக்காது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, திரும்பிப் பார்த்து, வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் நிற்கவில்லை. பாவுக்குப் பத்தடி இருக்கும்போது நல்லம்மா அவனை எட்டி அவன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவன் மேலே சட்டையும் இல்லை, பிடிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. கன்றுக்குட்டியை ஓட்டி வருகிற மாதிரி அவனைக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரவைத்தாள்.

பாவடியில் ஆண்கள் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. "காய உடாதீங்கடா, தண்ணியத் தெளி, தண்ணியத் தெளி" என்று ஒருவர் கத்த, குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஈரம் குறையாமல் தெளித்துத் தெளித்து, புருசைப் போட்டு மறுபடி மறுபடி நீவிப் பஞ்சைக் கழித்தார்கள். பிறகு மறுபடியும் கஞ்சி. நாங்கள் மேட்டில் தாத்தாவைத் தூங்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று பிள்ளைகள் உண்மையாகவே தூங்கிவிட்டார்கள். பொன்னம்மா பால் வாளியோடு வந்து பார்த்து, "என்னங்க டீச்சர், எல்லாரும் தபசு பண்றீங்களா?" என்றாள்.

மத்தியானம் நூல் அறை வாசலில் ஊர் கூடிற்று. ஆறுமுகம் கஞ்சிக் கையோடு வந்து நின்றார். மகள் அவர் தோளில். பாவு தப்பித்தது, ஆனால் நிறைய இழை அறுந்திருந்தது என்றார்கள். பெரியவர் பேசினார்.

"டீச்சரம்மா, உங்க மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா நாளையிலிருந்து புள்ளைங்க உள்ளாரயே இருக்கோணும். வெளிய உடறதுன்னா எங்கூட்டு வாசல்லயே உட்டுக்குவோம். அதுக்குப் பள்ளிக்கோடம் வேண்டியதில்லீங்க."

ஜன்னல் தலைக்கு மேல் இருக்கிற அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து அழுவதை நினைத்தேன். அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நாக்கு நுனியில் ஒரு நியாயம் தயாராக நின்றது. நாங்கள் வெளியே வருகிற நேரத்தில் யார் பாவு போடச் சொன்னது? தினமும் காலியாகத்தானே கிடக்கும்? ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அதைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அப்பா தோளிலிருந்து நல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றேன். "காத்து பாவடிக்குப் போகுதுன்னு நல்லம்மா எங்கிட்டச் சொன்னா. நான் காதுல வாங்கலை."

ஆறுமுகம் மகளைப் பார்த்தார். "சொன்னியா சாமி?"

"சொன்னேங்கப்பா" என்றாள் நல்லம்மா. "ரெண்டு தாட்டி சொன்னேன். டீச்சர் கை தட்டுனாங்க."

ஆறுமுகம் சிரித்தார். அதற்குப் பிறகு யார்தான் சிரிக்கவில்லை! பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது, ஆனாலும் நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் ஆறுமுகம் சொன்னார்: "அவளுக்குக் காத்துத் தெரியுமுங்க. வெடியால பாவு கட்டறதுக்கு முந்தி நாங்க காத்துப் பாப்போம். இவளத் தோள்ல வெச்சுக்கிட்டுத்தான் பாப்பேன். எக்கட்டால அடிக்குதுன்னு என்னையவிட முந்திச் சொல்லிப்போடுவா."

எக்கட்டால என்றால் அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று அர்த்தம். நான் பாடம் நடத்தக் குறித்து வைத்திருந்ததை அந்தக் குழந்தை அப்பா தோளிலேயே படித்து முடித்திருந்தாள். அதைப் பார்த்து நான் கை தட்டியிருக்கிறேன், நான்தான் கண்டுபிடித்த மாதிரி.

அந்த இடத்திலேயே பெரியவரிடம் கேட்டேன். "அறை வாசல்ல ஒரு மூங்கில்ல கழிவு நூலக் கட்டிப் பறக்க விடறோமுங்க. தினமும் நல்லம்மா காத்துப் பாக்கட்டும். பாவடியில பாவு நிக்குதா, காஞ்சிருச்சான்னு பிள்ளைங்களே வந்து கேட்டுட்டுப் போகட்டும். அதுக்கு அப்புறம்தான் வெளியே போவோம்." அவர் மோவாயைத் தடவினார். ஆறுமுகம், "உடுங்க மாமா, பாத்துக்கலாம்" என்றார். நட்டப்பட்டவரே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? "சரி, ஒரு மாசம். இந்தப் பாவு நெய்து முடியற மட்டும் பாப்போம்" என்றார்.

அந்த ஒரு மாதம் நாங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் வந்ததும் மூங்கிலடியில் கூட்டம். நூல் எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் கை நீட்டுவார்கள். பிறகு நால்வராகப் பாவடிக்குப் போய், "பாவு காஞ்சுருச்சுங்களா?" என்று கேட்டு வருவார்கள். முதல் வாரம் ஆண்கள் அதட்டினார்கள். இரண்டாவது வாரம் பதில் சொன்னார்கள். மூன்றாவது வாரம் பிள்ளைகள் வரக் கொஞ்சம் தாமதமானால், "எங்க இன்னும் காணோம்?" என்று தேட ஆரம்பித்தார்கள். எருக்கம்பஞ்சை மறுபடியும் ஊதினோம். காற்று ஓடைப் பக்கம் திரும்பிய ஒரு நாளில், நல்லம்மா உத்தரவு கொடுத்த பிறகு.

பாவு நெய்து முடிந்தது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அன்று காலை ஆறுமுகமும் பெரியவரும் சேர்ந்து பள்ளிக்கு வந்தார்கள். ஆறுமுகம் கையில் மடித்த துண்டு ஒன்று. கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆறுமுகம் துண்டை விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். நெசவுக்கு நடுவில் வெள்ளையாகப் பளபளவென்று ஒரு சிட்டிகைப் பஞ்சு, அதில் பழுப்பாக விதையின் ஒரு துணுக்கு.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டோம்னு நெனச்சேனுங்க. இந்தத் தாத்தா மட்டும் தப்பிச்சு உள்ளார உக்காந்துக்கிட்டாரு. தறியில வாறப்பவே பாத்தேன். எடுத்தா இழை அறுந்துருமேன்னு உட்டுட்டேன். கடைக்காரன் இதை எடுக்க மாட்டான். புள்ளைங்க கை தொடைக்க உங்களுக்கே இருக்கட்டுமுங்க" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளைகள் துண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் பஞ்சைத் தொடக் கை நீட்டினான். நல்லம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, "உஸ்... தாத்தா தூங்கறாரு" என்றாள். அறை அப்படியே அடங்கிவிட்டது. இருபத்திரண்டு பேரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள்.

பெரியவர் அந்தத் துண்டையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, நல்லம்மாவின் காதருகே வாயை வைத்து, தாத்தா விழித்துவிடாத குரலில் கேட்டார்:

"இன்னைக்குக் காத்து எக்கட்டால சாமி?"

அவள் வாசலுக்குப் போய் மூங்கிலைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஓடைப் பக்கம் போவுதுங்க" என்று அவர் காதில் சொன்னாள்.

"அப்பப் போயிட்டு வாங்க" என்றார் பெரியவர். நாங்கள் வெளியே போனோம்.